அருவாளை அடுப்பில் காட்டினால் கூர் ஏறுமா?

"துருப்பிடித்த அருவாளை கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கினால் துருவும் போகும், கூரும் ஏறும்" என்று மதுரைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து செய்துவிடாதீர்கள்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பேர் வந்ததே அதன் பதத்தால்தான். வாய்ப் பகுதியை, அதாவது வெட்டும் விளிம்பை, காய்ச்சி, முக்கி, உடையாத அளவுக்குப் பக்குவம் பண்ணித்தான் பட்டறைக்காரர் நம் கையில் கொடுக்கிறார். அடுப்பில் வைத்தால் அந்தப் பதம் போய்விடும். இரும்பு நீல நிறம் காட்டினாலே சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, வாய் மெத்தென்று ஆகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பழுக்கக் காய்ச்சி முக்கினால் இன்னும் மோசம்: கண்ணாடி மாதிரி விறைத்து, தேங்காய் வெட்டும்போது வாய் தெறிக்கும். தெறித்த துண்டு கண்ணில் பட்டால் என்ன ஆகும்?

சரி, துருவுக்கு என்ன செய்வது? மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, கம்பி நாரால் தேய்த்தால் போதும். கூருக்குச் சாணைக்கல்லும் தண்ணீரும். இளநீரோ வாழைக்கறையோ பட்டால் உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசுங்கள். ஈரச்சாக்கில் சுற்றி வைக்கவே கூடாது. வாய் மழுங்கி மடங்கிவிட்டால் பட்டறைக்கே கொண்டுபோங்கள்.