1,344 ரூபாய்க்கு ஒரு கணக்கு, 20 லட்சம் கோடிக்கு ஒரு கணக்கு

2019 ஆடி மாதம் எங்கள் ஊரில் நடந்த சமூகத் தணிக்கைக் கூட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஊர் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். நூறு நாள் வேலையின் முந்தைய வருடக் கணக்கைச் சரிபார்க்க நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். வீடு வீடாகப் போய் வேலை அட்டையையும் பாஸ்புக்கையும் வாங்கிப் பார்த்தார்கள். ஏரி வரத்து வாய்க்காலில் டேப் பிடித்து நீளம், அகலம், ஆழம் என்று அளந்தார்கள். கடைசி நாள் மாரியம்மன் கோயில் திடலில் கிராம சபை. சின்ன வயதுப் பெண் ஒருத்தி மைக்கில் பட்டியலை வாசித்தாள். பெயர், எத்தனை நாள் வேலை, எவ்வளவு ரூபாய். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர் தன் பெயர் வந்ததும் கையைத் தூக்கினார். "கண்ணு, அந்த வாரம் நான் ஊர்லயே இல்ல. மக பிரசவத்துக்குப் போயிருந்தேன். எனக்கு ஆறு நாள் போட்டிருக்கீங்களே?"

"பணம் உங்க கணக்குல ஏறிச்சாம்மா?"

"ஏறிச்சு. எடுத்துத் தரச் சொன்னாங்க. தந்துட்டேன்."

தணிக்கை பார்த்த அந்த முந்தைய வருடம் நாள் கூலி 224 ரூபாய். ஆறு நாளுக்கு 1,344. கூட்டம் அப்படியே அடங்கிப் போனது. யாரிடம் தந்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். தொகையைத் திரும்பக் கட்டவேண்டும் என்று தீர்மானமும் எழுதினார்கள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பெரியம்மா, "நானும்தானே தப்பு பண்ணேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் சென்னையில் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வவுச்சர், பேரேடு, பற்று வரவு இதெல்லாம்தான் என் நாள். ஆனால் ஒரு கணக்கு உயிரோடு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தப் பட்டியல் எங்கேயோ ஒரு கணினியில் இருந்திருந்தால் எந்த ஆடிட்டராலும் அந்த ஆறு நாளைக் கண்டுபிடித்திருக்க முடியாது. கையெழுத்து, வங்கி ரசீது எல்லாமே சரியாக இருந்தன. ஊருக்கு நடுவில் சத்தமாக வாசித்ததால்தான் உண்மை எழுந்து நின்றது.

இந்தப் பழக்கம் சும்மா வந்துவிடவில்லை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேட்டை, மக்கள் முன்னால் வாசித்ததில் தொடங்கிய பாதை, 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை போனது. நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே 17-ஆம் பிரிவாகச் சமூகத் தணிக்கை ஏறியது. தமிழ்நாடு 1997-லேயே தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

சரி, இப்போது 2020-க்கு வருகிறேன். மே 12 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து 20 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பு என்றார். நாட்டின் மொத்த உற்பத்தியில் பத்து சதவீதம் அளவு. கொரோனா ஊரடங்கில் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்த நேரம். எனக்கு மாதம் பணம் கொடுக்கிற பதினோரு கடைகளில் ஒன்பது கடைகள் பூட்டியிருந்தன. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். மறுநாளிலிருந்து ஐந்து நாள் நிதியமைச்சர் பேட்டி கொடுத்தார். ஒரு நாள் விடாமல் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன்.

ஐந்தாம் நாள் மொத்தக் கூட்டல் வந்தது. முதல் நாள் அறிவிப்பு 5,94,550 கோடி. இரண்டாம் நாள் 3,10,000 கோடி. மூன்றாம் நாள் 1,50,000 கோடி. நான்காம், ஐந்தாம் நாள் சேர்த்து 48,100 கோடி. மார்ச்சிலேயே அறிவித்தவை 1,92,800 கோடி. ரிசர்வ் வங்கி எடுத்த நடவடிக்கைகள் 8,01,603 கோடி. ஆக 20,97,053 கோடி. கூட்டல் சரி. ரூபாய்க்கு ரூபாய் பொருந்தியது. ஆனால் எந்தக் கணக்குப் பிள்ளையும் இந்த ஆறு வரியையும் ஒரே பத்தியில் எழுதமாட்டான்.

ஏன் என்று கடைக் கணக்கில் சொல்கிறேன். ஒரு முதலாளி கஷ்டத்தில் இருக்கிற வேலைக்காரருக்கு மூன்று விதமாக உதவலாம். கையில் பணம் கொடுக்கலாம். அவர் வாங்குகிற கடனுக்கு ஜாமீன் போடலாம். அல்லது தெரிந்த வட்டிக்கடையில், "கேட்டு வந்தா பாத்துக் குடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். மூன்றுமே உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேரேட்டில் முதலாவது மட்டும்தான் செலவு. இரண்டாவது, கடன் வாங்கியவர் கட்டாமல் போனால்தான் செலவு. மூன்றாவது செலவே இல்லை.

அந்த 20 லட்சம் கோடியில் பெரும்பகுதி இரண்டாவதும் மூன்றாவதும்தான். அரசு தன் கையிலிருந்து உண்மையாகச் செலவழித்தது உற்பத்தியில் ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்கும் என்று அப்போதே பல பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டார்கள். ரிசர்வ் வங்கியின் பங்கான எட்டு லட்சம் கோடி, வங்கிகளிடம் பணப்புழக்கம் இருக்கவேண்டும் என்பதற்காகப் பிப்ரவரியிலிருந்தே எடுத்துவந்த நடவடிக்கைகள். அந்தப் பணம் கடனாக வெளியே வந்ததா? ஏப்ரல் 15 அன்று வங்கிகள் 6.9 லட்சம் கோடியை ரிசர்வ் வங்கியிடமே திரும்பக் கொண்டுபோய் வைத்திருந்தன. இதைச் சொன்னது ரிசர்வ் வங்கி ஆளுநரே. கடன் கொடுக்க வங்கிக்குப் பயம், வாங்க வியாபாரிக்குப் பயம்.

சிறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி, அடமானம் இல்லாத கடன் என்று அறிவித்தார்களே, அது என் மச்சானிடம் என்ன ஆனது என்று சொல்கிறேன். கோவையில் இரண்டு லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர். மூன்று பேருக்கு வேலை கொடுத்தவர். அறிவிப்பு வந்த வாரமே வங்கிக்குப் போனார். 2020 பிப்ரவரி 29 அன்று எவ்வளவு கடன் நிலுவை இருந்ததோ, அதில் 20 சதவீதம்தான் புதிதாகக் கிடைக்கும் என்றார்கள். அவருக்கு வங்கியில் தொழில்கடனே கிடையாது. லேத் வாங்கியது அக்காவின் நகையிலும் சீட்டுப் பணத்திலும். பூஜ்யத்தில் இருபது சதவீதம் பூஜ்யம். வங்கிக்காரரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. விதி அப்படி. ஏற்கெனவே கடன் வைத்திருந்த பல லட்சம் பேருக்கு அந்தத் திட்டம் மூச்சு கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் எத்தனை கோடி வழங்கினோம் என்று வந்த எண்களில் என் மச்சானைப் போலத் திரும்பிப் போனவர்கள் வரமாட்டார்கள். அவர் ஒரு லேத்தை விற்றார். அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஏறாத கணக்கு இன்னொன்றும் இருக்கிறது, எழுதவே கை நடுங்குகிறது. நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் போன தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று 2020 செப்டம்பரில் மக்களவையில் கேட்டார்கள். அப்படி விவரம் எதுவும் இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். விவரம் இல்லாததால் இழப்பீடு என்ற கேள்வியும் எழவில்லை என்றது. கணக்கு வைக்காமல் விட்டால் கொடுக்கவேண்டியதும் இல்லாமல் போய்விடுகிறது.

நான் செலவு செய்யாதே என்பவன் அல்ல. இன்னும் அதிகமாக, நேரடியாகக் கையில் கொடுத்திருக்கவேண்டும் என்பவன். அந்த வருடம் நூறு நாள் வேலைக்குப் பட்ஜெட்டில் இருந்த 61,500 கோடிக்கு மேல் 40,000 கோடி சேர்த்தார்களே, முழுத் தொகுப்பிலும் எனக்குப் பிடித்தது அதுதான். ஏறத்தாழ 11 கோடி பேர் அந்த வருடம் அந்த வேலைக்குப் போனார்கள். எங்கள் ஊரில் சென்னை, பெங்களூர் என்று போயிருந்த பிள்ளைகள்கூட மண்வெட்டி எடுத்தார்கள். 256 ரூபாய்க் கூலியில் அரிசி, பருப்பு வாங்கினார்கள். இது கண்ணால் பார்த்தது.

"அவசர காலத்தில் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தால் உதவி எப்போது போய்ச் சேரும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கைக் காட்டுவது பணம் போன பிறகு செய்கிற வேலை. எங்கள் ஊர்ப் பெரியம்மாவுக்குக் கூலி ஏறி எத்தனையோ மாதம் கழித்துத்தான் பட்டியல் வாசித்தார்கள். அதனால் யாருடைய கூலியும் தாமதமாகவில்லை. "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பார் அம்மா. போடாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அமெரிக்காவில் இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2009-இல் ஒபாமா 787 பில்லியன் டாலர் திட்டம் கொண்டுவந்தபோது, பணம் வாங்கியவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரம் கொடுக்கவேண்டும், அது பொது இணையதளத்தில் ஏறவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கண்காணிக்கத் தனி வாரியமும் வைத்தார்கள். அந்தத் தளத்தில் ஏகப்பட்ட பிழைகள். எட்டே நாடாளுமன்றத் தொகுதிகள் இருந்த அரிசோனா மாநிலத்தில் பதினைந்தாவது தொகுதியில் வேலை கொடுத்ததாக ஒரு பதிவு! பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. எனக்கு அதில் தெரிவது வேறு. தளம் திறந்திருந்ததால்தான் பிழை பிடிபட்டது. 2020-இல் டிரம்ப் ஆட்சியில் சிறு தொழில் கடன் கொடுத்தபோது, வாங்கியவர் பெயரைச் சொல்ல முதலில் மறுத்தார்கள். ஜூலையில் பெரிய கடன்களின் பெயரை மட்டும் வெளியிட்டார்கள். முழுப் பட்டியல் வர நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது, அதற்குள் டிசம்பர் ஆகிவிட்டது.

நம் ஊரிலும் அந்த வருடம் ஒன்று நடந்தது. விவசாயிகளுக்கு வருடம் 6,000 ரூபாய் தருகிற பிஎம் கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் மட்டும் தகுதியில்லாத லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்து, சுமார் 110 கோடி ரூபாய் போனது. எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது. நிலமே இல்லாதவர்களின் பெயரில் பணம் ஏறியது. அதே வருடம் அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையைத் தொற்றைக் காரணம் காட்டி அரசு ரத்து செய்தது. தொற்று உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியலை எங்கள் திடலில் ஒரே ஒருமுறை வாசித்திருந்தால், "இவனுக்கு ஏது நிலம்?" என்று கேட்க எங்கள் ஊரில் நூறு பேர் இருந்தார்கள். யாருக்கு எத்தனை சென்ட் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்.

கொரோனா நிவாரணத்துக்கென்று நன்கொடை திரட்டிய பிஎம் கேர்ஸ் நிதியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 2020 மார்ச் கடைசியில் ஆரம்பித்த ஐந்தே நாளில் 3,076 கோடி சேர்ந்தது. என் கடைக்காரர் ஒருவரும் 5,000 ரூபாய் அனுப்பினார். ரசீதை நான்தான் ஃபைலில் வைத்தேன். அது பொது அதிகார அமைப்பு அல்ல, தகவல் உரிமைச் சட்டம் செல்லாது என்றார்கள். மத்தியத் தணிக்கைத் துறையும் அதைப் பார்ப்பதில்லை. பிரதமரே தலைவர், மூன்று அமைச்சர்கள் அறங்காவலர்கள், ஆனால் அரசு நிதி இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2021-இல் பதில் மனு போட்டார்கள். அந்த 5,000 ரூபாய்க்காரருக்கு இதை ஏற்கவே முடியவில்லை. எனக்கும்தான்.

மாநில அரசை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதி நிலைமையைச் சொல்லும் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய்க் கடன் என்றார். அதை நான் வரி விடாமல் படித்தேன். நல்ல வேலை. ஆனால் அது முந்தைய ஆட்சியின் கணக்கு. 2001-இல் வந்த வெள்ளை அறிக்கையும் ஆட்சி மாறியபோது வந்ததுதான். ஒரு அரசு தன் சொந்தச் செலவைப் பற்றித் தானே, பதவியில் இருக்கும்போதே, அதே அக்கறையோடு ஒரு வெள்ளை அறிக்கை எழுதவேண்டும். ரேஷன் கடையில் 2.07 கோடி குடும்பங்களுக்குக் கொரோனா நிவாரணத்தின் முதல் தவணை 2,000 ரூபாய் கொடுத்தபோது கார்டைக் காட்டி, டோக்கன் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கினோம். வாங்கியவர்கள் கணக்கு கொடுத்துவிட்டோம்.

கூலிக்காரர் கையில் வாங்கிய 224 ரூபாய்க்கு வேலை அட்டை, வருகைப் பதிவேடு, வாய்க்காலில் டேப், ஊர் நடுவில் மைக். மேலே போகப்போக இதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கிறது. எவ்வளவு பெரிய தொகுப்பு என்று கட்சிக்காரர்கள் தொலைக்காட்சியில் சண்டை போடுகிறார்கள். எது செலவு, எது ஜாமீன், எது வெறும் பணப்புழக்கம் என்று மூன்று பத்தி பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு தாள் வெளியிடுங்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு. நான் கேட்கிறேன். எந்த ஆட்சி வந்தாலும் கேட்பேன்.

அடுத்த கிராம சபைக்கு ஊருக்குப் போகிறேன். பிஎம் கிசான் பெயர்ப் பட்டியலையும் வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலையும் மைக்கில் வாசிக்கவேண்டும் என்று ஊராட்சித் தலைவருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றரைப் பக்கம். அம்மாவும் அந்தப் பெரியம்மாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உங்கள் ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டுக்கொள்ள யாருக்காவது வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.