பரிமாணம் என்றால் பக்கத்து அறை இல்லை

நேற்றைய காணொளிச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு மறுபடி கதை சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் புண்ணியவான்கள். "ஐந்தாம் பரிமாணத்தில் ஆன்மாக்கள் வாழ்வதை இயற்பியலே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று காணொளியில் ஒருவர் பேச, கீழே நான் எழுதியது இரண்டே வரி. வந்த பதில்: "மூணு பரிமாண மூளைக்கு இதெல்லாம் எட்டாது சார்." அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

சரி, மூணு பரிமாண மூளைக்கு எட்டியதைச் சொல்கிறேன். பரிமாணம் என்பது இடம் இல்லை, திசை. நீளம், அகலம், உயரம் போல இன்னொன்று. அகலத்துக்குள் ஆவி குடியிருக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஐந்தாவது என்றதும் மட்டும் கை கூப்பிவிடுகிறோம்.

"அப்போ கூடுதல் பரிமாணமே கிடையாதுங்கிறீங்களா?" இல்லை ஐயா. 1919-இல் தியோடர் கலூசா என்ற ஜெர்மன் கணிதர் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கணக்கை அனுப்பினார். நாம் இருக்கும் வெளிக்கு இன்னொரு திசையைக் கூட்டி (காலம் நான்காவது என்றால் இது ஐந்தாவது) ஈர்ப்புச் சமன்பாடுகளை எழுதினால், மின்காந்தச் சமன்பாடுகளும் அதிலிருந்தே வந்து விழுகின்றன! ஐன்ஸ்டைனே தயங்கியதில் கட்டுரை அச்சேற 1921 ஆகிவிட்டது. அந்தத் திசை ஏன் கண்ணில் படவில்லை? மிகச் சிறிய வட்டமாகச் சுருண்டிருக்கலாம் என்றார் ஸ்வீடன் இயற்பியலாளர் ஆஸ்கர் கிளைன், 1926-இல். அவர் போட்ட அளவில் ஒரு புரோட்டானுக்கே இடம் போதாது. ஆன்மாக்கள் எப்படி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றனவோ தெரியவில்லை.

"இழைக் கோட்பாட்டில் பத்து, பதினொன்று என்கிறார்களே?" ஆமாம், காலத்தையும் சேர்த்து. எல்லாத் துகளும் நுண்ணிய இழைகளின் அதிர்வு என்கிற அந்தக் கோட்பாட்டின் கணக்கு உடையாமல் நிற்க அத்தனை தேவைப்படுகிறது. தேவைப்படுவதெல்லாம் இருந்துவிடுமா? எனக்கும்தான் நிறையத் தேவைப்படுகிறது.

தேடாமலும் இல்லை. சுருண்ட திசைகள் கொஞ்சம் பெரிதாக இருந்தால், மிக நெருக்கத்தில் ஈர்ப்பு விசை நியூட்டன் சொன்னபடி நடக்காது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், துளி விசைக்கும் முறுக்கிக்கொள்ளும் மெல்லிய இழையில் தொங்கும் முறுக்குத் தராசு வைத்து 52 மைக்ரோமீட்டர் வரை நெருங்கிப் பார்த்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். தலைமுடிப் பருமன்தான் அது. நியூட்டன் அசையவில்லை.

"இல்லைன்னு நிரூபிச்சீங்களா?" நான் எங்கே இல்லை என்றேன்! திசை என்றேன். தி-சை.

கல்லூரியில் நானும் ஒரு நண்பனும் ராத்திரி கணினி முன் உட்கார்ந்து, வெளிக்கு நான்கு பெரிய திசைகள் இருந்தால் பூமி எப்படிச் சுற்றும் என்று நிரல் எழுதினோம். ஈர்ப்பு விசை தூரத்தின் இருபடிக்கு ஏற்பக் குறைவதற்குப் பதில் முப்படிக்கு ஏற்பக் குறையும், மாற்றியது அவ்வளவுதான். பச்சைப் புள்ளி ஒழுங்காகத்தான் சுற்றியது. வேகத்தைத் துளி குறைத்தோம், சுருண்டு சுருண்டு போய் சூரியனில் விழுந்தது. துளி கூட்டினோம், திரையை விட்டே ஓடிவிட்டது. "டேய், மூணுல இருக்கோம், பிழைச்சோம்டா" என்று அவன் கத்தியதில் காவலாளி வந்து விளக்கை அணைத்தார்.

படித்தவன் திமிர் என்கிறார்கள் இப்போது. இருக்கட்டும். தெரியாதவர்கள் சிரிப்பது எனக்கு வலிக்காது. வலிக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தச் சிரிப்புப் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் பார்க்கிற வரை. நாலாவது பெயர் அவனுடையது.