திரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள், டாக்டர்

பல் மருத்துவத்தில் டிஜிட்டல் எக்ஸ்ரே வந்ததால் என்ன நன்மை என்று யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும்: கதிர்வீச்சு குறைவு, நேரம் மிச்சம். இரண்டும் உண்மைதான். ஆனால் மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ரப்பர்த் தோட்டத்து ஊரில் வாழும் எனக்கு, இவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. நம் வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதை நாமே கண்ணால் பார்க்க முடிகிறது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் தோட்டத்தில் வளராதவர்கள். அங்கே பல்வலிக்கு ஒரே மருத்துவம், பிடுங்குவது. முதலில் கிராம்பு வைத்துப் பார்ப்பார்கள், உப்புத் தண்ணீர் கொப்பளிப்பார்கள், முகம் வீங்கிய பிறகு தோட்டத்து மருந்தகத்தைக் கவனிக்கும் டிரஸ்ஸரிடம் போவார்கள். எதனால் வலிக்கிறது, பல்லைக் காப்பாற்ற வழி உண்டா என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. கேள்வி கேட்பதையே மரியாதைக் குறைவாக நினைத்த தலைமுறை அது. தோட்டங்கள் கைமாறி, நம்மவர்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துவிட்டால் மற்றதெல்லாம் டாக்டர் பாடு.

அண்மையில் என் பெரியம்மாவைக் கடைவரிசை மாடியில் இருக்கும் ஒரு பல் கிளினிக்கிற்கு அழைத்துப் போனேன். பால்மரம் சீவியே காலத்தைக் கழித்தவர். கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டி, "இதை எடுத்துவிடுங்கள் அம்மா" என்று பேச்சை முடித்துவிட்டார். அந்த இளம் டாக்டரோ, "முதலில் ஒரு படம் எடுத்துவிடுவோம் பாட்டி" என்றார்.

படம் பிடிக்க வாய்க்குள் வைக்கும் உணர்கருவி (சென்சர்) என்பது தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறிய, தட்டையான கறுப்புக் கட்டி. அதிலிருந்து ஓர் ஒயர் தொங்கும். பிளாஸ்டிக் உறை போட்டு, பிடியில் மாட்டி, கடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சுகமான அனுபவம் என்று பொய் சொல்ல மாட்டேன். பழைய பிலிமைவிட இது தடிமன், மூலை நாக்கின் அடியில் குத்தும், சிலருக்குக் குமட்டும். ஆனால் ஒரு சின்ன ஒலி எழுந்து அடங்குவதற்குள் மேல்வரிசையும் கீழ்வரிசையும் திரையில் வந்துவிட்டன. பெரியம்மா காட்டிய கீழ்ப்பல்லில் ஒரு குறையும் இல்லை. அதற்கு நேர் மேலே இருந்த பல்லில், எப்போதோ அடைத்த அடைப்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. அதன் அடியில் ஒரு கரிய நிழல், பல்லின் நடுவில் நரம்பு இருக்கும் கூழ்ப்பகுதிவரை இறங்கியிருந்தது.

பல்லின் கூழ் அழன்றால் வலி எங்கிருந்து வருகிறது என்று நோயாளியால் சரியாகச் சொல்ல முடியாது. மேல்பல் வலியைக் கீழ்பல் வலியாக உணர்வதும் உண்டு. டாக்டர் படத்தை மட்டும் நம்பிவிடவில்லை. குளிர்மருந்து தொட்ட பஞ்சை அந்த மேல்பல்லில் வைத்ததும் பெரியம்மா துள்ளிவிட்டார். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இந்தப் பல்லைப் பிடுங்காமல் விட முடியாதா?" என்று கேட்டார். பல் விஷயத்தில் அவர் கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை.

பிலிம் காலத்திலும் படம் இருந்ததே என்பீர்கள். இருந்தது, டாக்டர் விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் கட்டை விரல் அளவில். அதைக் கழுவ இருட்டுப் பெட்டி, இரசாயனக் கரைசல், காத்திருப்பு. வெள்ளிச் சத்து கலந்த கழிவையும், பிலிம் உறைக்குள் இருக்கும் ஈயத் தகட்டையும் என்ன செய்வது என்ற தொல்லை வேறு. சரியாகக் கழுவாத படம் சில ஆண்டுகளில் பழுப்பேறிவிடும். 1987-இல் பிரான்சில் முதல் டிஜிட்டல் பல் எக்ஸ்ரே கருவி வந்தது. நம் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கு அது வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. பெரியம்மாவின் படம் அன்றே ஈப்போவில் வேர்ச் சிகிச்சை நிபுணருக்குப் போய்விட்டது. அங்கே அதே படத்தை இன்னொரு முறை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

எக்ஸ்ரே என்றாலே பயப்படும் எங்கள் மாமா போன்றவர்கள், கதிர்வீச்சைப் பற்றிச் சொன்னால்தான் ஓய்வார்கள். ஜெர்மானிய இயற்பியலாளர் ரண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-இல். அடுத்த ஆண்டே ஜெர்மானியப் பல் மருத்துவர் வால்கோஃப் தன் பற்களைப் படமெடுக்க 25 நிமிடம் அசையாமல் கிடந்தார். இன்று ஒரு நொடிகூட ஆவதில்லை. ஒரு சிறு பல் படத்தில் நாம் பெறும் கதிர்வீச்சு, அதை அளக்கும் அலகில் சொன்னால், சுமார் 0.005 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நமக்கு வருவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். கணக்குப் போட்டால் ஒரு நாள் பங்குகூட இல்லை. இதற்காக ஆண்டுதோறும் எல்லாருக்கும் எடுத்துத் தள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. தேவை இருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். டிஜிட்டலில் மறுபடி எடுப்பது எளிது என்பதாலேயே சரியாக விழவில்லை, இன்னொன்று, மற்றொன்று என்று போகிற ஆபத்தும் உண்டு.

வெற்றிலை போடும் நம் அத்தைமார்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் படரும் வெள்ளைத் திட்டும், நாக்கின் ஓரத்தில் ஆறாத புண்ணும் எக்ஸ்ரேயில் தெரியாது. பல்லையும் எலும்பையும் காட்டுகிற கருவி அது. படம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்று திரும்பிவிடக் கூடாது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைக் கண்ணாலும் கையாலும் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திரையில் பெரிதாக்கினால் கடுகளவு நிழலும் பூதமாகத் தெரியும். அதைக் காட்டிப் பயமுறுத்தி வேலையைக் கூட்டுகிறவர்கள் இல்லாமல் இல்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்வதா? அந்த நிழல் பல்லின் வெளி உறையான எனாமலோடு நின்றிருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா என்று கேளுங்கள். எனாமலோடு நிற்கிற ஆரம்பச் சொத்தையைப் புளோரைடு பூசிக் கவனித்துவரலாம், உடனே குடைய வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

படத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். திரையைக் கைப்பேசியில் படமெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால் நுணுக்கம் போய்விடும். அசல் கோப்பையே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்ட இடங்களில் முகம் சுளித்தவர்கள் உண்டு, "உங்களுக்கு எதற்கு, பார்த்தால் புரியவா போகிறது?" என்றவரும் உண்டு. கடைசியில் எல்லாரும் அனுப்பித்தான் வைத்தார்கள்.