பாஷாணம் மருந்தான கதையை முழுசாகச் சொல்லுங்கள்

"கீமோவுக்கு அடங்காத கேன்சர் செல்லையும் சீன மூலிகை அழித்துவிடுகிறது" என்ற செய்தி மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. புற்றுநோய் மருந்துகளைக் கலந்து கொடுக்கும் மருந்தாளுநராக வேலை பார்ப்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை. சீன மருத்துவத்திலிருந்து உருப்படியாக ஒன்றும் வரவில்லை என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். வந்திருக்கிறது. எப்படி வந்தது என்பதைத்தான் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

ஏபிஎல் (அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா) என்று ஒரு ரத்தப் புற்றுநோய் உண்டு. கவனிக்காவிட்டால் ரத்தக்கசிவிலேயே சீக்கிரம் உயிர் போய்விடும். 1980களில் ஷாங்காயில் டாக்டர் வாங் ஜென்யி, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஆட்ரா மாத்திரையால் அதை அடக்கிக் காட்டினார். ஆனால் பலருக்கு நோய் திரும்ப வந்தது. அப்போது அந்த மாத்திரை சரியாகக் கேட்கவில்லை.

அவர்களைக் காப்பாற்றிய மருந்து வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரத்திலிருந்து வந்தது. 1970களின் தொடக்கத்தில் ஜாங் டிங்டாங் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும், ஒரு கிராமத்து வைத்தியர் புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த கலவையை எடுத்து ஆராய்ந்தார்கள். வெள்ளைப் பாஷாணம் (ஆர்செனிக் சேர்ந்த நஞ்சு), ஒரு பாதரச உப்பு, தேரை விஷம், மூன்றும் அதில் இருந்தன. பாரம்பரியம் என்பதற்காக அப்படியே கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதரசமும் தேரை விஷமும் கெடுதல்தான் செய்கின்றன என்று தெரிந்ததும் இரண்டையும் நீக்கினார்கள். மிஞ்சிய பாஷாணமும் எல்லாப் புற்றுநோய்க்கும் கேட்கவில்லை. ஏபிஎல்லுக்குக் கேட்டது.

1997ல் வெளியான ஆய்வில், நோய் திரும்பி வந்து பாஷாணம் மட்டுமே பெற்ற 10 பேரில் 9 பேருக்கு நோய் அடங்கியது. அடுத்த வருடம் அமெரிக்காவில் 12 பேரில் 11 பேருக்கு. 2000ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. காரணமும் பிறகு தெளிவானது. இந்த நோயை ஓட்டுவது இரண்டு மரபணுக்கள் ஒட்டிப் பிறந்த ஒரு கோளாறான புரதம். ஆட்ரா அதன் ஒரு முனையில் போய் ஒட்டும். அந்த முனை உருமாறினால் ஒட்டாது. ஆர்செனிக் மறுமுனையைப் பிடித்து முழுப் புரதத்தையும் சிதைக்கிறது. அந்த மறுமுனையும் உருமாறினால் ஆர்செனிக்கும் தோற்கும், அப்படி நடந்துமிருக்கிறது.

நம் வேலூர் சிஎம்சிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. புதிதாக நோய் கண்ட 72 பேருக்கு ஆர்செனிக் மட்டும் கொடுத்து, சுமார் 86 சதவீதம் பேருக்கு நோயை அடக்கியதாக 2006ல் எழுதினார்கள். செலவு தாங்காத குடும்பங்களுக்கு அது எத்தனை பெரிய விஷயம்! எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

இதே மருந்து வார்டில் ஏறும் விதத்தைப் பாருங்கள். எடையில் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம். முதலில் ஈசிஜி எடுத்து, அதில் க்யூடி இடைவெளி என்ற இதயத் துடிப்பு அளவைப் பார்ப்பார்கள். ரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம் குறைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள், இல்லையென்றால் இதயத் துடிப்பு தடம் மாறலாம். அப்புறம்தான் டிரிப்பில் மெதுவாக ஏற்றுவார்கள். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே ஸ்டீராய்டு தயாராக இருக்க வேண்டும்.

ஃபார்வர்டில் வரும் பெர்பெரின் (மரமஞ்சளில் இருப்பது), குர்குமின் (மஞ்சளில் இருப்பது) சமாச்சாரம் வேறு. செல்லுக்குள் போன கீமோ மருந்தை வெளியே தள்ளும் பம்ப் ஒன்று இருக்கிறது. ஆய்வகத் தட்டில் இவை அதைத் தடுப்பதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் வாய்வழி சாப்பிட்டால் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேர்கிறது. அந்தப் பம்ப்பை அடைக்கவென்றே கம்பெனிகள் உருவாக்கிய மருந்துகள்கூட நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்பவர்களுக்கு ஒன்று. 1990களில் பெல்ஜியத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயே வந்தது. காரணம், அதில் கலந்திருந்த அரிஸ்டோலோகியா என்ற செடியின் அரிஸ்டோலோகிக் அமிலம். நம் ஆடுதின்னாப்பாளையும் அந்தச் செடிக் குடும்பம்தான்.

வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டு கூடவே கஷாயமோ சூரணமோ சாப்பிட்டால், திட்டுவார்கள் என்று பயந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள். பாட்டிலையோ பொட்டலத்தையோ அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள், எப்போதிருந்து, எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். கல்லீரல் பரிசோதனை திடீரென்று எகிறும்போது, எதை நிறுத்த வேண்டும் என்று முடிவெடுக்க எங்களுக்கு அந்தத் தகவல்தான் முதலில் வேண்டும்.