வால்ட்ஸ் நிற்கிற இடம்

"பாலேவா? அது சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற சமாச்சாரமாயிற்றே" என்று, வசனமே இல்லாமல் இசையாலும் நடனத்தாலும் கதை சொல்கிற அந்த மேற்கத்திய நாட்டிய நாடகத்தைப் பற்றி நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது. தேவதை, இளவரசன், கண்ணாடிச் செருப்பு, பின்னணியில் இனிமையான வால்ட்ஸ். கிறிஸ்துமஸ் சமயத்தில் குடும்பத்தோடு ஒரு தடவை பார்த்துவிட்டு, வாசலில் படம் எடுத்துக்கொண்டு வந்தால் போதும் என்பது பலருடைய எண்ணம். நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அண்மையில் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 'சிண்ட்ரெல்லா' பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த பாலேக்களில் வால்ட்ஸ் காதுக்கு இனிமையாக இருக்கட்டும் என்று வைத்த அலங்காரம் இல்லை. கதையே அதற்குள்தான் நடக்கிறது. குறிப்பாக, வால்ட்ஸ் எந்த இடத்தில் அறுபடுகிறது என்று கவனியுங்கள். கதை அங்கேதான் திரும்பும்.

வால்ட்ஸ் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மூன்று எண்ணிக்கை, நம் கணக்கில் திஸ்ரம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் தட்டு அடித்தொனிக் கருவிகளில் கனமாக விழும், அடுத்த இரண்டும் அதன்மேல் லேசாக வரும். அந்த முதல் தட்டில் கால் பதிந்து உடம்பு சுழல ஆரம்பித்தால் தானாக நிற்காது. இரண்டு பேர் கைகோத்துச் சுழலும்போது உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்று தோன்றவைக்கும் தாளம் அது. தேவதைக் கதைக்கு வேண்டியதும் அந்த மயக்கம்தானே? அதைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதைப் பெரிய இசையமைப்பாளர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் 'தூங்கும் அழகி'யை எடுத்துக்கொள்ளுங்கள். விரலில் ஊசி குத்தும் என்று பிறந்தபோதே சாபம் வாங்கிய இளவரசியின் கதை. 1890 ஜனவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரின்ஸ்கி தியேட்டரில் அரங்கேறியது. முதல் அங்கத்தில் வரும் பூ வளைய வால்ட்ஸ் உலகம் முழுக்கத் தெரிந்த மெட்டு. ஆனால் எனக்கு அதைவிட முக்கியம், அதே அங்கத்தின் கடைசியில் வரும் சின்ன வால்ட்ஸ். நடன அமைப்பாளர் மாரியஸ் பெத்திப்பா, எந்தக் காட்சிக்கு எத்தனை தாளக்கட்டு, என்ன தாளம் என்று சைகோவ்ஸ்கிக்கு விவரமாகக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். இளவரசி அரோரா ஒரு கிழவியின் கையில் ஊசியைப் பார்க்கிறாள். அந்த இடத்தில் இரண்டு தட்டுத் தாளம். மெல்ல அது மெட்டு ததும்பும் மூன்று தட்டு வால்ட்ஸாக மாற வேண்டும். பிறகு சட்டென்று ஒரு நிறுத்தம். விரலில் ஊசி குத்திவிட்டது. அதற்கப்புறம் நான்கு தட்டில் எட்டுக் கட்டுகள், வலிக்காக. இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார் மனிதர். சாபம் பலிப்பதைக் காட்ட இடியும் மின்னலும் கேட்கவில்லை, வால்ட்ஸை நிறுத்து என்கிறார். இதைப் படித்த பிறகு அந்தக் காட்சியை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

இப்போது 'சிண்ட்ரெல்லா'வுக்கு வருகிறேன். மாற்றாந்தாய் வீட்டில் கந்தலோடு வேலை செய்கிற பெண், தேவதையின் மாயத்தால் பட்டாடை உடுத்தி இளவரசனின் விருந்துக்குப் போகிறாள். நள்ளிரவு மணி அடித்தால் மாயம் கலைந்துவிடும். இசை செர்கேய் ப்ரோகோஃபியெவ். 1940-இல் எழுதத் தொடங்கினார். 1941-இல் ஜெர்மனி சோவியத் நாட்டின்மேல் படையெடுத்ததும் இதை ஒதுக்கி வைத்துவிட்டு 'போரும் அமைதியும்' ஓபராவில் (பாடியே நடத்தும் நாடகம்) இறங்கிவிட்டார். ஊர் ஊராக இடம்பெயர்ந்த காலம் அது. முடித்தது 1944-இல், மாஸ்கோ பொல்ஷோய் தியேட்டரில் மேடையேறியது 1945 நவம்பரில். இந்த பாலேயை அவர் சைகோவ்ஸ்கிக்குத்தான் சமர்ப்பித்தார். அந்த மரபில் வந்தவர் என்பது ஒவ்வொரு வால்ட்ஸிலும் தெரியும். ஆனால் சைகோவ்ஸ்கியின் வெயில் இதில் கிடையாது. இரண்டாம் அங்கத்தின் பெரிய வால்ட்ஸைக் கேளுங்கள். சோகம் தொனிக்கும் மைனர் சுர அமைப்பின் சாயலில், கீழே ஏதோ இருட்டு நகர்கிற மாதிரியே சுழல்கிறது. மேடையில் பட்டும் பளபளப்புமாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள், இசையோ இது நீடிக்காது என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. போருக்கு நடுவில் எழுதியதால்தான் இப்படி ஆனதா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருடங்களைத் தெரிந்துகொண்டு கேட்டால் வயிற்றைப் பிசைகிறது.

எனக்குக் கிடைத்தது மேலே பக்கவாட்டு இருக்கை. மேடையில் ஒரு ஓரம் மறைந்துபோகும். ஆனால் ஆர்க்கெஸ்ட்ரா உட்கார்ந்திருக்கும் பள்ளம் முழுசாகத் தெரியும். இளவரசனும் சிண்ட்ரெல்லாவும் வால்ட்ஸில் சுழன்றுகொண்டிருக்கிறார்கள், அரங்கம் முழுக்க அவர்களைத்தான் பார்க்கிறது. நான் பள்ளத்தைப் பார்த்தேன். தாள வாத்தியக்காரர்களில் ஒருவர் வயலின் கூட்டம் எதையும் கண்டுகொள்ளாமல், குச்சியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, கண்களை இசை நடத்துநர்மேல் பதித்துக் காத்திருக்கிறார். வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. வால்ட்ஸ் உச்சத்துக்குப் போகிறது, அறுபடுகிறது. டக் டக் டக் என்று மரக்கட்டை. அவ்வளவு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை ஒரு கட்டைத் துண்டு அடக்கிவிடுகிறது. மேலே பித்தளை வாத்தியங்கள் அதட்ட, நள்ளிரவு மணி அடிக்கிறது. கூட்டத்துக்கு நடுவில் அந்தப் பெண் வழி தெரியாமல் இங்கும் அங்கும் ஓடுகிறாள். எனக்குப் பக்கத்தில் ஏழெட்டு வயசுப் பையன் ஒருவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றே தட்டு, பிறகு ஒரே மாதிரி விழும் கடிகாரத் தட்டு. நேரம் தீர்ந்துபோவதை இதைவிடத் துல்லியமாக எந்தக் கலையாவது சொல்லியிருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இதைப் போய்ப் பிள்ளைகள் விஷயம் என்றால் எப்படி?

லண்டனில் நான் பார்த்தது ஃபிரெடரிக் ஆஷ்டன் நடனம் அமைத்த வடிவம். 1948 டிசம்பரில் இதே அரங்கில் முதன்முதலாக ஆடியது. குழுவின் முதன்மை நடனக் கலைஞர் மார்கோ ஃபோன்டெய்னுக்கு அடிபட்டிருந்ததால் மொய்ரா ஷியரர் சிண்ட்ரெல்லாவாக ஆடினார். அக்காக்கள் இருவரும் ஆண்கள்: ஆஷ்டனே ஒருவர், ராபர்ட் ஹெல்ப்மன் இன்னொருவர். அந்தச் சமயத்தில் பிரிட்டனில் துணிக்கு இன்னும் ரேஷன் இருந்தது, 1949 மார்ச்சில்தான் எடுத்தார்கள். புது உடுப்புக்குக் கூப்பன் எண்ணிக்கொண்டிருந்த ஜனங்கள் முன்னால், கந்தல் உடுத்திய பெண்ணுக்குத் தேவதை பட்டாடை கொடுக்கிறாள். விருந்தில் இளவரசன் தருகிற விலையுயர்ந்த பரிசு என்ன தெரியுமா? ஆரஞ்சுப் பழம். ப்ரோகோஃபியெவ் அந்த இடத்தில் தன்னுடைய 'மூன்று ஆரஞ்சுகள் மேல் காதல்' ஓபராவின் அணிவகுப்பு மெட்டைக் கொஞ்சம் எடுத்துப் போட்டிருப்பார், அது ஒரு விளையாட்டு. ஆனால் போர்க்காலம் முழுக்க ஆரஞ்சுக்கு ஏங்கிய ஊரில் எத்தனை பேர் அந்தப் பழத்தைப் பார்த்து நிஜமாகவே பெருமூச்சு விட்டிருப்பார்கள்!

அந்தக் கட்டடத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போரின்போது ராயல் ஓபரா ஹவுஸ் பொதுமக்கள் வந்து ஜோடியாக ஆடும் நடனக்கூடமாக இருந்தது. விடுப்பில் வந்த சிப்பாய்கள், தொழிற்சாலைப் பெண்கள் என்று யார் யாரோ அந்தத் தரையில் சுழன்றிருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு நேரம் இருந்திருக்கும், முகாமுக்குத் திரும்ப வேண்டிய நேரம். போர் முடிந்து 1946 பிப்ரவரியில் அரங்கம் மறுபடி திறந்தபோது முதலில் ஆடியது 'தூங்கும் அழகி'. அந்த இரவு பூ வளைய வால்ட்ஸ் தொடங்கியபோது அங்கே உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால், இது வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல வாய் வராது.

சைகோவ்ஸ்கியின் இன்னொரு பாலேயான 'நட்க்ராக்கர்' பற்றி எழுதினால் தனிப் பதிவு ஆகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். பூக்களின் வால்ட்ஸை மட்டும் யூடியூபில் கேட்டுவிட்டு "தெரியும், கேட்டிருக்கிறேன்" என்று முடித்துவிடாதீர்கள். முதல் அங்கத்தின் கடைசியில் பனித்துகள்களின் வால்ட்ஸ் இருக்கிறது. வார்த்தையே இல்லாமல் குழந்தைகளின் குரல்கள் அதில் வந்து சேரும் இடத்துக்காகவே டிக்கெட் எடுக்கலாம்.

சரி, போக நினைப்பவர்களுக்கு என் யோசனை. நல்ல இருக்கை கிடைக்கவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். மேல்தட்டு, பக்கவாட்டு, நின்று பார்க்கிற இடம், எதுவானாலும் எடுங்கள். பள்ளம் தெரிந்தால் அதிர்ஷ்டம் என்று நினையுங்கள். பிள்ளைகளைக் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள், கதையை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய்க் காதில் கிசுகிசுக்க வேண்டாம். திரை விலகும்முன் வரும் முன்னிசையைப் பேச்சுக்கான இடைவெளியாக்காதீர்கள், பின்னால் வரப்போகிற மெட்டுகளை அங்கேதான் முதலில் காதில் போடுகிறார்கள்.

இன்னொன்று. பதிவு செய்த இசையை ஓட்டி ஆடுகிற நிகழ்ச்சிகளும் நிறைய நடக்கின்றன. ஆடுபவர்களின் உழைப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சின்னக் குழுவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா கட்டுப்படியாகாது என்பதும் புரிகிறது. ஆனாலும் முதல் தடவை பார்க்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து ஆர்க்கெஸ்ட்ரா நேரில் வாசிக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். ஒலிபெருக்கியில் வருகிற வால்ட்ஸ் எப்போது நிற்கும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். நேரில் வாசிக்கும்போது அறுபது எழுபது பேர் ஒரு கையசைவுக்காக அந்த நொடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். டிக்கெட் கொஞ்சம் கூடத்தான், இரண்டு தடவை போகிற காசுக்கு ஒரு தடவை போங்கள்.