விதி மட்டும்தான் காரணமா?
அமெரிக்க ஒலிபரப்புக்கான 'நியாய விதி' 1987இல் நீக்கப்பட்டதால்தான் வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா உருவானார் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிடுகிறது, பாதிதான் சரி. இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற அந்த விதி நடப்பில் இருந்தபோதே, 1984 முதல், கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ நகரின் கே.எப்.பி.கே. வானொலியில் அரசியல் பேசிப் பெயர் வாங்கியவர் அவர். பாட்டெல்லாம் ஒலித்தரம் கூடிய எப்.எம். அலைவரிசைப் பக்கம் போய்விட, பகல் பொழுதை எதைக் கொண்டு நிரப்புவது என்று பழைய ஏ.எம். அலைவரிசை நிலையங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தன. 1988 ஆகஸ்டில் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போகத் தொடங்கியபோது சிறிய நிலையங்கள் ரொக்கம் தர வேண்டியிருக்கவில்லை. விளம்பர நிமிடங்களில் சிலவற்றை விட்டுக்கொடுத்தால் போதும். நிகழ்ச்சி சும்மா கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? தொண்ணூறுகளில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வேலை பார்த்தபோது மதியத்தில் காரில் நெடுந்தூரம் போவேன். ஒரு நிலையம் கரகரத்து மங்கும். குமிழைத் திருகினால் அடுத்த ஊரிலும் அதே குரல், மைக்கருகே தாள்களைச் சரசரக்கவிடும் அதே சத்தம். அவர் சொன்னதில் முக்கால்வாசி எனக்கு ஒவ்வாது, ஆனாலும் வானொலியை அணைத்ததில்லை. விதியைத் திரும்பக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியிருக்கிறார். அது உரிமம் பெற்ற ஒலிபரப்பு நிலையங்களைத்தானே கட்டுப்படுத்தியது, பாட்காஸ்ட்டை எப்படித் தொடும்?