ஃப்ரீ சீட் பிள்ளை

போன வாரம் அக்கா போன் பண்ணினாள். அவள் மகன் மூன்றாம் வகுப்பு, ஆர்.டி.இ. என்கிற கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில், கட்டணம் இல்லாமல் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறான். நோட்டுப் புத்தகம் கொடுக்க வகுப்புக்கு வந்த ஒருவர் "ஃப்ரீ சீட் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஐந்து பேர் எழுந்து நின்றிருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு "அம்மா, நான் ஃப்ரீயா?" என்று கேட்டானாம். அக்கா அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அன்றிலிருந்து இந்த ஃப்ரீ என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! சாயங்காலம் ஃப்ரீயா என்றால் வேலை ஒன்றும் இல்லையே என்று அர்த்தம். ஃப்ரீயா விடு என்றால் மனதில் போட்டுக்கொள்ளாதே. அவர் எல்லோரிடமும் ஃப்ரீயாகப் பழகுவார் என்றால் பந்தா இல்லாதவர். டாக்டர் "மோஷன் ஃப்ரீயா போகுதா" என்கிறார். துணிக்கடையில் நைட்டி ஃப்ரீ சைஸ், கிரிக்கெட்டில் நோ பாலுக்கு அடுத்த பந்து ஃப்ரீ ஹிட், புது பைக்குக்கு ஃப்ரீ சர்வீஸ் (அதிலும் கூலிதான் இல்லை, ஆயிலுக்குக் காசு உண்டு).

சைக்கிள் கடைக்குப் போனால் இதே சொல் வேறு ஒன்று சொல்லும். மிதிப்பதை நிறுத்தினாலும் பின் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடுமே, கிர்ர் என்று ஒரு சத்தம் வருமே, அதைச் செய்கிற பல்சக்கரத்துக்கு ஃப்ரீவீல் என்று பெயர். உள்ளே சின்னக் கொக்கி மாதிரி இரும்புத் துண்டுகள் இருக்கும். முன்னால் மிதித்தால் பல்லில் மாட்டி சக்கரத்தை இழுக்கும், காலை நிறுத்தினால் பல் மேல் வழுக்கிக்கொண்டு போகும், அந்த வழுக்கல்தான் சத்தம். இங்கே காசுப் பேச்சே கிடையாது. காலின் பிடியிலிருந்து சக்கரத்துக்கு விடுதலை, அவ்வளவுதான். துருப்பிடித்து இறுகிப்போன போல்ட்டில் மண்ணெண்ணெய் விட்டுத் தட்டித் தட்டிக் கழற்றும்போது மெக்கானிக் "ஆங், ஃப்ரீ ஆயிடுச்சு" என்று சொல்வாரே, அதுவும் இதே அர்த்தம்தான்.

வேறு அர்த்தங்கள் எப்படிப் போனாலும், உடம்பு விஷயத்தில் இந்தச் சொல் குழப்பினால் கஷ்டம். எங்கள் அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். பாக்கெட்டில் சுகர் ஃப்ரீ என்று போட்ட பிஸ்கட்டை யாரோ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நம் பேச்சில் சுகர் என்றால் சர்க்கரை மட்டும் இல்லை, அந்த நோய்க்கும் அதுதான் பேர். "எனக்கு சுகர்" என்றுதானே சொல்கிறோம். அதனால் அம்மாவுக்கு அந்த இரண்டு வார்த்தையும் சேர்ந்து "சுகர் உள்ளவங்க ஃப்ரீயா சாப்பிடலாம்" என்றுதான் புரிந்தது. தினமும் டீக்கு ஐந்தாறு பிஸ்கட். அடுத்த பரிசோதனையில் அளவு எகிறிவிட்டது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு பண்டத்தில் 100 கிராமுக்கு அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் அதில் சுகர் ஃப்ரீ என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் பிஸ்கட்டில் இருக்கிற மைதா உள்ளே போய் குளுக்கோஸாகத்தானே மாறும்? "சர்க்கரை சேராதது, மாவு சேர்ந்தது" என்று தமிழில் ஒரு வரி இருந்திருந்தால் அம்மாவே படித்துப் பார்த்து இரண்டோடு நிறுத்தியிருப்பார். தமிழ்நாட்டில் விற்கிற பொருளுக்கு இதைக் கேட்பது அதிகமில்லை.

இன்னொன்று தெரிந்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆங்கில ஃப்ரீக்கும் வடமொழி பிரியத்துக்கும் வேர் ஒன்று. நாமும் பிரியமாக இரு, பிரியப்பட்டுச் செய்தேன் என்று அன்றாடம் சொல்கிறோமே, அதே பிரியம். ஃப்ரெண்ட் என்ற சொல்லும் அதே குடும்பம். ஒரு வீட்டில் அடிமைகளும் இருப்பார்கள், சொந்தக்காரர்களும் இருப்பார்கள். யார் நேசத்துக்குரிய உறவோ அவர்கள் ஃப்ரீ, மற்றவர்கள் அடிமை. இப்படித்தான் அன்பைச் சொன்ன சொல் விடுதலையைச் சொல்லும் சொல்லாக ஆனது என்கிறார்கள் மொழி ஆராய்ச்சியாளர்கள். "காசு கொடுக்க வேண்டாம்" என்ற அர்த்தம் அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் கடைசி அர்த்தத்தைத்தான் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். மென்பொருள்காரர்கள் இதோடு நாற்பது வருடமாகப் போராடுகிறார்கள். 1983-இல் அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், க்னூ என்ற இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தபோது அவர் சொன்ன ஃப்ரீ, விலையைப் பற்றியது இல்லை. மென்பொருளை இயக்க, உள்ளே பிரித்துப் பார்த்து மாற்ற, நகல் எடுத்துக் கொடுக்க, மாற்றியதையும் பகிர உனக்கு உரிமை உண்டா என்பதுதான் கேள்வி. கேட்டவர்களோ சும்மா கிடைக்கிறதாம் என்று எடுத்துக்கொண்டார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை, "கட்டற்ற மென்பொருள்" என்று ஒரு சொல்லை ஆக்கிவிட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியாவும் தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. யார் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார்களோ அவர்களுக்கு நான் கடன்பட்டவன். 2015-இல் ஃபேஸ்புக் ஃப்ரீ பேசிக்ஸ் என்று ஓர் இணையத் திட்டத்தைக் கொண்டுவந்ததே, நினைவிருக்கிறதா? காசு வேண்டாம், ஆனால் அவர்கள் திட்டத்துக்குள் இருக்கிற தளங்களை மட்டும்தான் பார்க்கலாம். விலை இல்லை, ஆனால் கட்டு உண்டு. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்த மாதிரிப் பாகுபாடான கட்டண முறையையே தடை செய்தது, ரொம்பச் சரியான முடிவு.

பஸ்ஸுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அரசு அதைக் கட்டணமில்லாப் பயணம் என்கிறது. நாம் என்ன சொல்கிறோம்? "ஃப்ரீ பஸ்." ஃப்ரீ பஸ் என்று வாயில் வந்த உடனே அடுத்த வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது: "ஃப்ரீயாத்தானே வர்றீங்க, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்கம்மா." வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன், அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் தள்ளி நின்றார். அந்தப் பயணத்துக்கான பணத்தைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு கொடுக்கிறது, அது அந்த அம்மா வாங்குகிற சோப்பிலும் எண்ணெயிலும் போன வரிப் பணம்.

சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பீர்கள். இலங்கையைப் பாருங்கள். 1945-இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த திட்டத்துக்கு அங்கே தமிழில் "இலவசக் கல்வி" என்றுதான் பெயர், அங்குள்ள தமிழர்கள் அதைக் கூச்சமில்லாமல் பெருமையாகச் சொல்கிறார்கள். ஏனென்றால் அது எல்லோருக்கும். ஒரே பெஞ்சில் ஒருவன் பணம் கட்டியும் பக்கத்தில் இருப்பவன் கட்டாமலும் உட்காரும்போதுதான் அதே சொல் குத்துகிறது. அதனால்தான் அந்த இடத்தில் நாம் கூடுதல் கவனமாகப் பேச வேண்டும் என்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2002-இல் அரசியல் சட்டத்தில் கல்வியை அடிப்படை உரிமையாக்கும் 21ஏ பிரிவு சேர்ந்தது, 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. தனியார் பள்ளியில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு. அந்த இடங்களுக்கான பணத்தைச் சட்டப்படி அரசு பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டும். ஃப்ரீ என்றால் என்ன என்று சட்டமே விளக்கியிருக்கிறது: தொடக்கக் கல்வியை முடிக்கவிடாமல் தடுக்கிற எந்தக் கட்டணத்தையும் செலவையும் பிள்ளை தலையில் வைக்கக் கூடாது. கவனியுங்கள், இங்கே தடையை எடுக்கிற பேச்சுதான் இருக்கிறது, யாரும் யாருக்கும் தானம் தருகிற பேச்சே இல்லை. மெக்கானிக் போல்ட்டைத் தட்டி ஃப்ரீ ஆக்குகிறாரே, அந்த ஃப்ரீ. நம் தமிழ் மொழிபெயர்ப்பில் "இலவச மற்றும் கட்டாயக் கல்வி" என்று போட்டுவிட்டோம். கட்டணமில்லா என்று போட்டிருக்கலாம், எனக்கு அதில் வருத்தம்தான்.

அக்கா திங்கட்கிழமை பள்ளிக்குப் போனாள். வருகைப் பதிவேட்டில் அந்த ஐந்து பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எஃப் என்று போட்டிருக்கிறது. "அது ஃப்ரீ சீட் இல்ல சார், ஆர்.டி.இ. சீட்" என்றாளாம். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க, பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு மறுபடியும் போகிறாள். சட்டத்தின் 3-ஆம் பிரிவைத் தமிழில் எழுதி பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், மீதி நாலு பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் சேர்த்து ஐந்து காப்பி.